நாற்பதாவது கோடு

மதிவதனிக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான்தான் கோபித்துக்கொள்வேன். அந்தப் பைத்தியத்துக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாக நின்று வேலை செய்கிறவள் நான். ஒரகடத்தில் காரின் பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட் செய்யும் கம்பெனி. கடைசி செக்கிங் டேபிளில் நாங்கள் இருவர்தான், இருவருமே கான்ட்ராக்ட்.

அவள் புருஷன் ஜோயல் வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரம்பித்த பழக்கம் அது. அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது பரவாயில்லை என்று யாரோ அவளை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு புதிர் வரும். சாயங்காலத்துக்குள் விடையை அனுப்ப வேண்டும். விடை மட்டும் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் எப்படி வந்தது என்று விளக்கமும் எழுத வேண்டும். இதென்ன வம்பு என்று எனக்குத் தோன்றும். விடை சரியென்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?

அவள் மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். உட்கார்ந்த உடனே புதிர்தான். தூக்கம் கலையாத முகத்தில் தண்ணீர் தெளிப்பதுபோல.

"வானத்துக்குள் கதிரவன் தலைகாட்ட, ஏறிப் போக உதவும். நாலு எழுத்து. சொல்லுக்கா."

"ஏறிப் போறதுன்னா வாகனம். இது ஒரு புதிரா?"

"சரிதான். 'க' எங்கேர்ந்து வந்துச்சி?"

"எங்கேர்ந்து வந்தா இன்னாடி? நாலு எழுத்து கீதா இல்லியா?"

"இல்லக்கா. வானம்னு ஒரு சொல்லு. அதுக்குள்ள கதிரவனோட தலை, அதாவது மொத எழுத்து 'க'. அது உள்ள போய் உக்காந்தா வாகனம். ஒரு எழுத்துக்குக் காரணம் தெரியலன்னாலும் நீ விடை கண்டுபிடிக்கல, குருட்டாம்போக்குல சொல்லிட்டேன்னு அர்த்தம்."

ஆறாம் வகுப்பு டீச்சர் மாதிரி பேசுவாள். எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் மறுநாளும் அவள் பக்கத்தில்தான் போய் உட்காருவேன்.

இந்த வருஷம் எங்கள் டேபிளில் ஒருவரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை லிஸ்ட். மதிதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். விரல் போனதிலிருந்து ஜோயலுக்குச் சரியான வேலையில்லை. பெண் இசைவாணி யூகேஜி. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாதா என்ன? எனக்கும் தேவைதான், அது வேறு கதை.

புதன்கிழமை காலைப் புதிர்: 'மழை தொடங்க, நசுங்கிய தகரம் பச்சையாய் மின்னும். ஐந்து எழுத்து.' பஸ்ஸில் அவளுக்கு வரவில்லை. கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், அதனால் புதிரை மனப்பாடமாக உள்ளே கொண்டு போனாள்.

எங்கள் வேலை இவ்வளவுதான். பிராக்கெட்டின் துளையில் கேஜ் என்ற இரும்புக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். இறங்கினால் நல்ல பீஸ். அதன்மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு, பிறகு தாளில் ஒரு கோடு. அவளுக்குப் பச்சைப் பொட்டு, எனக்கு மஞ்சள். நாற்பது சேர்ந்ததும் பெட்டியை மூடித் தாளை மேலே ஒட்டி அனுப்ப வேண்டும். என் தாள் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று சூப்பர்வைசர் வேல்ராஜ் சாரே சொல்லியிருக்கிறார்.

பத்தே முக்கால் இருக்கும். பச்சைப் பொட்டு வைத்த கையோடு மதி நிமிர்ந்தாள்.

"மரகதம்க்கா. மழையோட மொத எழுத்து 'ம'. தகரத்தை நசுக்கிக் கலைச்சுப் போட்டா 'ரகதம்'. பச்சையா மின்னுறது மரகதம்."

முகமெல்லாம் சிரிப்பு. அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பெட்டியை மூடப் போனவள் தாளில் கோடுகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பீஸ் நாற்பது, பொட்டு நாற்பது, கோடு முப்பத்தொன்பது.

"கோடு போட மறந்தனா, கேஜே போடாம பொட்டு வச்சிட்டனா? தெரியலக்கா."

"கோடுதான் மறந்திருப்பே."

"எப்படித் தெரியும்?"

ஆடிட் நடக்கிற வாரம், லைனில் பீஸ் குவிகிறது, நாற்பதையும் மறுபடி பார்க்க நேரமில்லை, வெள்ளிக்கிழமை லிஸ்ட். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி நாற்பதாவது கோட்டை நானே போட்டேன். தாளை ஒட்டிப் பெட்டியை உருட்டிவிட்டேன். "வாய மூடிகினு வேலையப் பாரு" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் சோற்றைப் பிசைந்தாளே தவிர ஒரு வாய் வைக்கவில்லை. எந்தக் காரில் போய் மாட்டுவார்களோ, பிரேக்கை மிதிக்கும்போது என்ன ஆகுமோ என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தாள். எனக்கும் பயம்தான். கார் பற்றிய பயமில்லை அது. இவள் எங்கே போய் உளறிவிடுவாளோ, கோடு போட்டது நான் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

ஒன்றரை மணிக்கு வேல்ராஜ் சாரின் மேஜைக்கு நேராகப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், லாரியை நிறுத்துங்க. என் பெட்டில ஒரு பீஸ் செக் பண்ணனான்னு தெரியல."

"தாள்ல நாப்பது கோடு கீதே?"

"கடைசிக் கோடு நான் போடல சார்."

"அப்ப யார் போட்டது?"

அவள் தரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "அது வேணாம் சார்" என்றாள்.

"கவனம் எங்க போச்சி உனக்கு?"

"குறுக்கெழுத்து யோசிச்சிகினு இருந்தேன் சார்."

அடிப்பாவி, தலைவலி என்று சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டாவது நின்றிருக்கலாம். வேல்ராஜ் சார் வெள்ளைத்தாளை நீட்டினார். சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டில் நின்ற லாரியிலிருந்து எங்கள் டேபிளின் ஏழு பெட்டிகளையும் இறக்கினார்கள். வேல்ராஜ் சாரே குச்சியை எடுத்தார். மதியின் நாற்பது பீஸிலும் சளக் சளக்கென்று இறங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். வந்ததற்கு மற்றதையும் பார்த்துவிடலாம் என்று அவர் அடுத்த பெட்டியைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். ஐந்தாவது பெட்டியில் ஒரு பீஸில் குச்சி நின்றுவிட்டது. திருப்பிப் போட்டு அழுத்தியும் இறங்கவில்லை.

அந்த பீஸில் இருந்தது மஞ்சள் பொட்டு.

வேல்ராஜ் சார் என்னைப் பார்த்தார், பெட்டிமேல் இருந்த என் தாளைப் பார்த்தார். நாற்பது கோடு, வரிசை பிசகாமல். அந்த பீஸைச் சிவப்புத் தொட்டியில் போட்டார். "லாரி வெளிய போவல. ஆடிட் நேரத்துல இதை எழுதினா என் தலைதான் உருளும். போய் வேலையப் பாருங்க" என்றார்.

எழுத்தில் இருந்தது மதியின் கடிதம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட்டில் என் பெயர் இருந்தது. மதிக்குக் கவனக்குறைவு என்று ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் அவள் வழக்கம்போல எனக்கு இடம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் நான் இறங்க எழுந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உன் பெட்டில அந்த பீஸுக்கும் கோடு இருந்துச்சேக்கா. அது எங்கேர்ந்து வந்துச்சி?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். 'க' எங்கிருந்து வந்தது என்று கேட்பாளே, அதே குரல். நான் இறங்கிவிட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பெட்டி நிறைந்த பிறகு நாற்பது கோடுகளையும் ஒரே மூச்சில் இழுக்கிறவள் நான். என் தாளில் முப்பத்தொன்பது என்றைக்குமே வராது. எந்த பீஸில் குச்சியை விட்டேன், எதில் விடவில்லை என்று கேட்டால் என்னிடம் ஒரு பெட்டிக்கும் விளக்கம் இல்லை.

பஸ் போன பிறகும் ரோட்டைக் கடக்காமல் நின்றேன். ஹைவேயில் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. சிக்னலில் ஒவ்வொன்றாக பிரேக் போட்டு நின்றன. ஒவ்வொன்றும் நிற்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே வேல்ராஜ் சாரின் மேஜைக்குப் போனேன்.

"எனக்கும் ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சார்" என்றேன்.