பத்தாவது மாணவி

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சாக்பீஸ். ஆள் அவ்வளவு ஒல்லி. கல்லூரி சின்னது, முதுநிலைக் கணிதம் அதைவிடச் சின்னது. அதில் பாதிப் பாடங்களை அவள் ஒருத்தியே நடத்தினாள். தற்காலிக ஆசிரியை என்று சேர்ந்தவளுக்குத் தலை நரைத்தும் அந்தத் 'தற்காலிகம்' போகவில்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த வேலையால்தான்.

பத்துப் பேர் சேராத படிப்பை இழுத்து மூடிவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். சேர்க்கையின் கடைசி நேரத்தில் முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க பொண்ணு இருக்காளே மேடம்," என்றார்.

மகளுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இதே படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அன்று மாலை தாய் சுற்றிவளைத்துப் பேசினாள்: தூரம், விடுதிச் சாப்பாடு, தம்பி தனியாகிவிடுவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள், "உன் வேலை போயிடுமாம்மா?" என்று ஒரே போடாகப் போட்டாள். பிறகு பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. தாய்க்கு நெஞ்சு வலித்தது. வலித்து என்ன? மறுநாள் காலை மகளைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள்.

இந்த ஆண்டு, படிப்பைத் தொடர விடலாமா என்று பார்க்க மதிப்பீட்டுக் குழு வந்தது. குழு வருகிறது என்றதும் கல்லூரி அல்லோலகல்லோலப்பட்டது. உடைந்த நாற்காலிகள் கிடந்த அறை திடீரென்று ஆராய்ச்சிக்கூடமானது. கதவில் பெயிண்ட் காயவில்லை; குழுத் தலைவரின் கை பச்சையானது, முதல்வரின் முகம் வெளுத்தது. இயற்பியல் புத்தகங்களெல்லாம் கணிதத்துறை அலமாரிக்குக் குடிவந்தன. எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று சாக்பீஸ் ஒன்பது பேரையும் உருப்போட வைத்திருந்தாள். மகளுக்கு மட்டும் எதுவும் சொல்லித்தரவில்லை. அதற்குத் தாய்க்கு வாய் வரவில்லை.

குழுவில் வந்த அம்மையார் நேரே மகளிடம்தான் போனார்.

"டிகிரில இவ்வளவு மார்க் வாங்கியிருக்கியே, வேற எங்கேயும் இடம் கிடைக்கலையாம்மா?"

தாய் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிடைச்சுது மேடம். அம்மாகிட்டதான் படிப்பேன்னு நான்தான் அடம்பிடிச்சேன்," என்றாள் மகள், சிரித்த முகமாக.

பெற்ற பெண் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று தாய்க்கு அதுவரை தெரியாது.

படிப்பு பிழைத்துக்கொண்டது. முதல்வர் கூட்டம் போட்டுக் குழுவின் அறிக்கையை வாசித்தார்: 'ஆசிரியையே தம் மகளை இங்கே சேர்த்திருப்பது இப்படிப்பின் தரத்துக்குச் சான்று.' எல்லோரும் கைதட்டினார்கள். அவள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். அவளுக்கோ மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வருஷந்தான். முடிச்சதும் ஆராய்ச்சிக்கு அந்தப் பெரிய இடத்துக்கே போயிடு. என்ன ஆனாலும் நான் குறுக்கே நிக்கமாட்டேன்டி."

"அடுத்த வாட்டியும் ஒரு ஆள் குறைஞ்சா? தம்பிய சேர்ப்பியா? அவன் கணக்குல ஃபெயிலும்மா."

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அவர்கள் சேர்ந்து சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தாளாளர் எதிரே வந்தார். "கல்லூரி மானத்தைக் காப்பாத்திட்டா உங்க பொண்ணு. படிப்ப முடிச்சதும் இங்கேயே வந்துடட்டும். உங்கள மாதிரியே டெம்பரரியா போட்டுக்கலாம். என்ன சொல்றீங்க?"

அந்த மனிதர் எதைச் சொன்னாலும் ஆடியே பழகிய தலை. மகள் வாயைத் திறப்பதற்குள் அது ஆடிவிட்டது. "ரொம்ப நன்றி சார்," என்று வாயும் சேர்ந்துகொண்டது.

தாளாளர் போய்விட்டார். மகள் அம்மாவின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துத் தனியாக நடந்தாள்.