இரண்டாம் நம்பர் பட்டன்

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் சீரியல் பார்க்க மாட்டார். கதாநாயகி பேரைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். எந்தக் கதையில் யார் மாமியார், யார் மருமகள் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள், போன வாரத்துக்கு இந்த வாரம் ஏறியதா இறங்கியதா, எந்த டிவி முந்துகிறது, எது மூச்சு வாங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். வாயில் போட்ட சோற்றை விழுங்குவதற்குள் சொல்லிவிடுவார்.

நாங்கள் இருப்பது ராசிபுரம் வட்டாரத்தில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில். இவருக்குக் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் பக்கத்து ஆண்கள் காலையில் எழுந்ததும் முட்டை விலை கேட்பார்கள். இவரும் கேட்பார், அது பிழைப்புக்கு. வியாழக்கிழமை வருகிற டிஆர்பிதான் சந்தோஷத்துக்கு. அன்றைக்குப் பண்ணையே பற்றி எரிந்தாலும் இவர் காதில் ஏறாது. செவ்வந்தி டிவி ஜெயித்திருந்தால் வரும்போதே மல்லிகைப்பூ வாங்கி வருவார். தோற்றிருந்தால் குழம்பில் உப்பு பத்தாது, துவைத்த சட்டையில் கறை போகவில்லை, மாடு ஏன் கத்துகிறது. இப்படியே பொழுது போகும். எனக்கு அந்த டிவிக்காரர்கள் மாமனா மச்சானா? அவர்கள் ஜெயிக்க வேண்டுமென்று நானும் சாமி கும்பிட்ட வியாழக்கிழமைகள் உண்டு.

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்றால், எங்களுக்குக் கல்யாணமான புதிதில். அப்போதுதான் செவ்வந்தி வந்தது. அதற்கு முன்பே தாழம்பூ டிவி நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தது. புதிதாக வந்ததை ஒருத்தரும் சீந்தவில்லை. இவர் அன்றைக்கே அதன் பக்கம் சேர்ந்துவிட்டார். ஏனுங்க என்று கேட்டால், "பாவம் அம்மிணி, அதுக்குன்னு ஒரு ஆளு வேண்டாமா?" என்றார். பாவம் பார்க்க இவருக்கு ஊரில் வேறு ஆளே அகப்படவில்லை.

எங்கள் மகள் பிரீத்தி சேலத்தில் காலேஜ் சேர்ந்த வருஷம், அப்பா தனியாகப் புலம்புகிறாரே என்று இவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். தமிழ்நாடு முழுக்க இவரைப் போன்றவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் செவ்வந்திக் கட்சி, தாழம்பூக் கட்சி என்று ரெண்டு பிரிவு. முகம் தெரியாத ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் வறுத்தெடுப்பார்கள். இவர் வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை பேசாதவர், போனில் அப்படி வாயாடுவார். குடியில்லை, சீட்டில்லை, இதாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்களுக்கு அடுத்த வீடு மாரக்கா வீடு. முழுப் பேர் மாரக்காள். அவர் வீட்டுக்காரர் சின்னண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடப் போனால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், இன்னும் எங்கெங்கோ. பொங்கலுக்கு வருவார், மாரியம்மன் பண்டிகைக்கு வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். பிள்ளைகுட்டியும் இல்லை. கல்யாணமானதிலிருந்து மாரக்கா தனியாகத்தான் ஆக்கித் தனியாகத்தான் சாப்பிட்டார். இடுப்பு போய் இனி வண்டி ஏற முடியாது என்று ஆன பிறகுதான் மனுஷன் வீடு தங்கினார். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. சாயங்காலமானால் ரெண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, தாழம்பூவில் ஏழரை மணி சீரியல். அவர் அந்தக் கதையைக் கேலி பண்ண, மாரக்கா கோபித்துக்கொள்ள, சிரிப்புச் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தக் கொடுப்பினை கொஞ்ச காலம்தான். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

தை மாதம் ஒரு சாயங்காலம் மாரக்கா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சாமி, டிவிகிட்ட ஒரு பொட்டி இருக்குது, அது கண்ண கண்ணச் சிமிட்டுது. உனக்குத்தான் டிவி சமாச்சாரம் தெரியுமே, சித்த வந்து பாரு."

இவர் போனார். என்னதான் பெட்டி என்று நானும் கூடப் போனேன். டிவிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி, அதற்கென்று தனியாக ஒரு ரிமோட். அதைப் பார்த்ததும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கருவறைக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி செருப்பை வாசலில் விட்டோமா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற மீட்டர் அது. எங்கோ சில வீடுகளில்தான் வைப்பார்கள், யார் வீடு என்று வெளியே சொல்லவே மாட்டார்கள், அந்த வீடுகளை வைத்துத்தான் மொத்த டிஆர்பியும். இத்தனை வருஷம் இவர் வாயைப் பிளந்து பார்த்த கணக்கு, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லித்தான் வெச்சாங்க. உங்க அண்ணன் இருக்கறப்பவே வெச்சது. நீ நம்ம புள்ளைங்கறதால காட்டறேன். வெளிய சொல்லீராத சாமி" என்றார் மாரக்கா.

"நான் ஏனுங்க்கா சொல்றேன்!" என்றார் இவர்.

வயர் லூசாகியிருந்தது. சரிப்படுத்திக் கொடுத்தார். வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் அந்த ரிமோட்டில் ஒரு பட்டன். டிவி முன்னால் வந்து உட்கார்ந்தால் அவரவர் பட்டனை அமுக்க வேண்டும், பெட்டியில் அவரவர் விளக்கு எரியும். சீரியலுக்கு நேரமாகிவிட்டது என்று மாரக்கா ரிமோட்டை எடுத்து ஒன்றாம் நம்பரை அமுக்கினார். அப்புறம் ரெண்டாம் நம்பரை அமுக்கினார்.

"ரெண்டு யாருங்க்கா?" என்றார் இவர்.

"உங்க அண்ணன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா, அப்படி அமுக்கக்கூடாதுங்க. கணக்குத் தப்பாயிருமுங்க. அண்ணன் போயிட்டாருன்னு அவங்களுக்குச் சொல்லோணும்."

"கணக்குக் கெடக்குது போ. அந்த வெளக்கு எரிஞ்சா ஆளு ஊட்ல இருக்கற மாதிரி இருக்குது சாமி. ரெண்டு வெளக்கும் எரியறதப் பாத்துட்டு உக்காந்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது" என்றார் மாரக்கா. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சீரியலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் சோறு கூடக் கேட்காமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். மாரக்காவுக்காக மனசு கஷ்டப்படுகிறார் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டார்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கஷ்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. ஏழரை மணிக்குத்தான் செவ்வந்தி வாராவாரம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. அதுவும் நூலிழையில். செத்துப்போன ஆள் தாழம்பூ பார்க்கிறார் என்று கணக்கு ஏறுகிறதே என்ற அரிப்பு இவரை விடவில்லை.

மாசியில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கும் செவ்வந்தி தோற்றது. குழுவில் மதன் என்று ஒருத்தன், தாழம்பூக் கட்சி. அவன் இவரைக் கிண்டு கிண்டென்று கிண்டியிருக்கிறான். உங்க டிவியை உங்க வீட்டு ஆளுங்களே பார்க்கறதில்லையாமே, கடையைச் சாத்திட்டுப் போங்க என்றெல்லாம். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க டிவியைச் செத்தவங்கதான்டா பாக்கறாங்க" என்று தட்டிவிட்டார். ஆதாரம் இருக்கா என்று அவன் கேட்க, ராசிபுரம் பக்கம், ரிக் வண்டியில் வேலை பார்த்தவர் வீடு, ஆடியில் போன ஆளுக்குத் தையிலும் பட்டன் அமுக்குகிறார்கள் என்று விலாவாரியாக எழுதிவிட்டார். பேர் மட்டும்தான் எழுதவில்லை. குழுவே கைதட்டியது. அன்றைக்குத் தோற்ற நாள், ஆனாலும் இவர் பூ வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

அதை யாரோ எடுத்து வேறு குழுவில் போட, அங்கிருந்து ஒருத்தன் அதையே ஒரு வீடியோவாகப் பேசிப் போட, எப்படியோ அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் அந்த மீட்டர் கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் வண்டியில் வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெட்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறார்களாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். மாரக்காவுக்குப் பொய் சொல்ல வராது. மரியாதையாகத்தான் பேசினார்கள், காபி கூடக் குடித்தார்கள். பெட்டியையும் ரிமோட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாரக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொட்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க சாமி. அவரு போனதைச் சொல்லாம உட்டது என் தப்புத்தான். நீயும் அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல" என்றார்.

இவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்படீங்களா" என்றார்.

அதற்கப்புறம் மாரக்கா வீட்டில் ஏழரைக்கு டிவிச் சத்தம் இல்லை. அந்த நேரத்துக்கு அவர் வெளியே வந்து குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏனுங்க்கா, சீரியல் பார்க்கலையா என்று கேட்டால், "அதுல என்ன கெடக்குது அம்மிணி, ஒரே அழுவாச்சி" என்பார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நான் பயந்தேன். வியாழக்கிழமை வந்தது, போனது, இவர் போனைத் தொடவில்லை. செவ்வந்தி என்று நானே பேச்செடுத்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எங்கள் வீட்டு டிவியைப் போட்டாலும் அணைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் பண்ணையிலிருந்து முப்பது முட்டை கொண்ட ஒரு அட்டை. எங்களுக்கில்லை, மாரக்காவுக்கு. ஒத்தை மனுஷி அத்தனை முட்டையை என்ன செய்வார்? அவரும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ரெண்டாவது வாரமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபோது நான் வழிமறித்தேன்.

"ஏனுங்க, என்ன நடக்குது? அந்த அக்காளுக்கு முட்டை வியாபாரம் வெச்சுத் தரப்போறீங்களா?"

வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு உச்சந்தலை காய்ந்தது. திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். தலைவேதனை பிடித்த அந்த டிவிக்காரன் உங்களுக்குக் கஞ்சி ஊத்தினானா, அவன் ஜெயிச்சா என்ன தோத்தா என்ன, அந்த மனுஷிக்கு இருந்தது ஒரே ஒரு விளக்கு என்று கத்தினேன். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்திருந்தால் எனக்குத் திட்டச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தக்கா தன் மேல தப்புன்னு சொல்லுச்சு அம்மிணி. நான் வாயில சோத்த வெச்சுட்டுக் கேட்டுட்டு இருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முட்டை கொடுத்தாத் தீருமா? போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"கம்பெனிக்காரன் வந்தப்ப அந்தக்கா மூஞ்சியப் பாத்து உள்ளதச் சொல்லுச்சுல்ல, அப்படித்தான்."

அதற்கும் ஒரு வாரம் இழுத்தடித்தார். இன்றைக்குப் பண்ணையில் லோடு, நாளைக்கு அமாவாசை, இப்படி. கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். மாரக்கா குழாயடியில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்து தெருவிளக்கு போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். இவர் உட்காரவில்லை.

"அக்கா... அந்தப் பொட்டி... நாந்தானுங்க்கா போன்ல எழுதிப் போட்டேன். ரோசத்துல எழுதிட்டேன். அதனாலதான் வந்தாங்க. உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க. நான் பண்ணுன வேலைங்க்கா."

எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது. மாரக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தெரியுஞ் சாமி" என்றார். "உங்கிட்டயும் உம் பொண்டாட்டிகிட்டயுந்தான காட்டுனேன். போனும் டிவியும் உன் வேலைதான? அவங்க வந்து கேக்கறப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அன்னைக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"சாப்பிட்டுட்டு இருந்தாப்ல. அப்பப் போயி வேறென்னத்தச் சொல்றது? முட்டையும் வேண்டாமுன்னு சொன்னா இன்னும் சங்கடப்படுவாப்லன்னு வாங்கி வெச்சேன். பாதிக்கு மேல அப்படியே கெடக்குது. போச்சாது, உடு."

இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாரக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்.

"அந்த வாரம் உன்ற டிவி செயிச்சுதா சாமி?"

இவர் இல்லையென்று தலையாட்டினார்.

"பொட்டியை எடுத்ததுக்கப்பறமாச்சும்?"

அதற்கும் தலையாட்டினார். எடுத்த வாரமும் செவ்வந்தி தோற்றதாம், அதே அளவில். போனைத் தொடவே இல்லை என்று நான் நினைத்தேன். அது ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறார்.

"அடப் பாவமே" என்றார் மாரக்கா. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். "அதுவுங் கூட இல்லையா?"