ஹார்டுபோர்டு சுவருக்கு வயிறு வந்த ஆடி மாதம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், நானே பெயிண்ட் அடித்து முடித்த ஹார்டுபோர்டு சுவர் ‘டப்’ என்று சத்தம் போட்டு என் முதுகில் இடித்தது. திரும்பிப் பார்த்தால் சுவருக்கு வயிறு வந்திருந்தது. மறுநாள் காலை முசிறி பஸ்ஸில் அந்த வீட்டு மருமகளும் அவளைப் பெற்றவரும் வந்து இறங்கப் போகிறார்கள். அவள் வந்து இருக்கப்போகும் அறையின் சுவர்தான் அது.

பெயிண்டிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் சம்பவம் இதுதான். இதில் நான் செய்த எதையும் நீங்கள் செய்யாமலிருந்தாலே பாதித் தொழில் வந்துவிடும்.

1. கலர் தெரியாத மாப்பிள்ளை

அறுபதுகளின் தொடக்கம். தென்னூரில் எனக்கு ஜாகை. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எனாமல் என்று சுவருக்கு அடிப்பதெல்லாம் அடிப்பேன். சட்டம் போட்டுப் பலகை அடிக்கும் வேலைக்குக் காதர் பாய் என்ற ஆசாரி என்னோடு வருவார். ஹார்டுபோர்டு அப்போது ஊருக்குப் புதிது. மரத்தை நாராக்கி, வேகவைத்து, அழுத்திச் செய்த பலகை. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சல்லடை பதிந்த மாதிரி சொரசொரப்பு. வாடகை வீட்டில் செங்கல் சுவர் எழுப்ப வீட்டுக்காரர் விடமாட்டார். இந்தப் பலகை என்றால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த வரதராஜ் என்னைத் தேடி வந்தான். கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டில் ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தில்தான் அவன் அம்மா, இரண்டு தங்கைகள், அவன், அவன் மனைவி தனம் எல்லோரும் படுக்க வேண்டும். ஆடி மாதத்துக்குத் தனத்தைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். புதுப்பெண் ஆவணியில் திரும்புவாள்.

“போகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனாண்ணே. ‘ஒரு தடுப்பாவது இருந்தா நல்லா இருக்கும்’னு. மூணு மாசத்துல அவ எங்கிட்ட கேட்ட ஒரே விஷயம் அதுதான். அது இல்லேன்னா திரும்பி வரமாட்டாளோன்னு பயமா இருக்கு.”

“வருவாங்க தம்பி. அவங்களுக்கு என்ன கலர் புடிக்கும், சொல்லு.”

அவன் யோசித்தான். காதைச் சொறிந்தான். “தெரியலையே அண்ணே.”

“மூணு மாசமா என்னய்யா பேசினீங்க?”

“எங்கே பேசறது? வாயைத் திறந்தா பக்கத்துல தங்கச்சி ‘என்னண்ணே’ங்குது.”

நான் சிரித்தேன். காதர் பாய் உளியைத் தீட்டிக்கொண்டே, “ஏன் தங்கராசு, உன் வீட்டம்மாவுக்கு என்ன கலர் புடிக்கும்?” என்றார்.

“அது வேற விஷயம் பாய்.”

எனக்குக் கல்யாணமாகி அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கலரைச் சொன்னது, யாரும் எதிர்பார்க்காத ஆள். வரதராஜின் அம்மா கோவிந்தம்மாளுக்கு அறை கட்டுவதில் இஷ்டமில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சட்டம் நிறுத்திய நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, “தம்பி, வாழைக்குருத்து கலர் கிடைக்குமா?” என்றார்.

“கலந்து எடுத்துரலாம்மா. ஏன்?”

“அந்தப் பொண்ணு வாழைத் தோட்டத்துல வளர்ந்தது. இங்க வந்த அன்னிக்கே கொல்லையில நேரா வாழைமரத்துக்கிட்ட போய்தான் நின்னுச்சு. குருத்தைத் தொட்டுப் பார்த்துட்டே இருந்துச்சு.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கென்ன, உங்க இஷ்டம்” என்று உள்ளே போய்விட்டார்.

2. என்னுடைய மகா புத்திசாலித்தனம்

பலகை வண்டியிலிருந்து இறங்கிய அன்றே காதர் பாய் சொன்னார்: “முதுகுல, அந்தச் சொரசொரப்புப் பக்கம், தண்ணி தடவி, ஒரு நாள் அடுக்கி வெச்சுட்டு அப்புறம் அடிக்கணுமாம். கடைக்காரர் சொன்னார்.”

நான் சுவர்ப் பெயிண்டர். ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். தண்ணீர் தடவுவதா? “கடைக்காரர் சரக்கு விக்கிறவர் பாய். பெயிண்ட் அடிக்கறவன் நான்” என்று சொல்லி, பலகைகளை மாடியில் வெயிலில் பரப்பினேன். அப்பளம் மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுக் காய வைத்தேன். காய்ந்த பலகையை இடுக்கில்லாமல் நெருக்கி அடிக்கச் சொன்னேன். ஆணித் தலையை மறைக்கப் பட்டிப் பூச்சு, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், அதன்மேல் வாழைக்குருத்து எனாமல் இரண்டு கோட்டு. இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் அறை. மேலே போகப் போகக் கலரை வெளுப்பாக்கினேன். சின்ன அறைக்கு அப்படிச் செய்தால் கூரை உயர்ந்த மாதிரி இருக்கும். இது மட்டும் அன்று நான் செய்த சரியான காரியம்.

ஆடி. காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் புரண்டு ஓடியது. நடுவே ஸ்ரீரங்கம். அந்த வீட்டுக் கிணற்றில் குனிந்து கையாலேயே மொள்ளலாம். தரையெல்லாம் வேர்த்தது. நான் காய வைத்த பலகை தாகத்தோடு காத்திருந்து அத்தனை ஈரத்தையும் குடித்தது. குடித்தால் உப்பும். உப்பினால் விரிய இடம் வேண்டும். இடுக்கில்லாமல் அடித்த மகானுபாவன் நான்.

அதுதான் அந்த ‘டப்’.

முதலில் முதுகை வைத்து அழுத்தினேன். அங்கே அமுங்கி, பக்கத்துப் பலகையில் வயிறு வந்தது. அரிசி டிரம்மை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். டிரம் நகர்ந்தது. கோவிந்தம்மாள் வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இது புது டிசைனும்மா” என்றேன்.

“எத்தனையாவது மாசம் தம்பி?” என்றார்.

“சமயபுரத்தாளே, மொட்டை போட்டுக்கறேன், இந்தச் சுவரை உள்ளே தள்ளிடு” என்று வாய்விட்டு வேண்டினேன்.

காதர் பாய் என் தலையைப் பார்த்தார். “அதுக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கு? ஆணியைப் புடுங்கு.”

எல்லாப் பலகையையும் கழற்றினோம். முதுகுப் பக்கம் தண்ணீர் தடவி, முதுகோடு முதுகாக அடுக்கினோம். மறுநாள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்க வேண்டும் என்றார் பாய். கடையிலிருந்து திரும்பிய வரதராஜ், வெறும் சட்டம் நிற்பதைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

3. வெறும் சட்டம்

காலையில் நாங்கள் போனபோது முசிறிக்காரர்கள் வந்துவிட்டார்கள். தனத்தின் அப்பா வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, சட்டத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார்.

“அறை ரெடின்னு சொல்லியனுப்புனீங்களே மாப்பிள்ளை. கோழிக்கூண்டு மாதிரி இருக்கு?”

வரதராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நான் முன்னால் போனேன். “தப்பு எம்மேலதாங்க. மாப்பிள்ளை ஒண்ணும்...”

“சரிங்க. முழுசா முடியட்டும். பொண்ணை ஒரு வாரம் கழிச்சுக் கொண்டாந்து விடறேன்.”

தனம் அடுக்கி வைத்திருந்த பலகைகளிடம் போனாள். மேல் பலகையின் வழவழப்பில் விரலை ஓட்டினாள்.

“இந்தக் கலர் யார் சொன்னது?”

வரதராஜ் அவசரமாக, “நான் இல்ல. எனக்குத் தெரியல. அம்மாதான்” என்றான். பொய் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பான், பாவம்.

தனம் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தம்மாள் கூரையைப் பார்த்தார். தனம் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாகவே முறைப்படி நுழைந்து, சட்டத்துக்குள் வைத்தாள்.

“அறை வந்துருச்சுப்பா. சுவர் சாயங்காலம் வரும்.”

சட்டத்துக்கு வெளியே நின்ற வரதராஜைப் பார்த்து, “ஏன் வெளியிலயே நிக்கறீங்க?” என்றாள். கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போதே அவள் அவனோடு பேசியது அதுதான் முதல் தடவை என்று அவன் பிறகு சொன்னான்.

கோவிந்தம்மாள் அடுப்படிக்குப் போனார், காபி போடத்தான் என்று நினைத்தேன். இரண்டு பழைய புடவைகளோடு வந்து, எங்களிடம் எதுவும் சொல்லாமல் சட்டத்தின் குறுக்கே ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார். “பயணம் வந்த பொண்ணு. கொஞ்ச நேரம் படுக்கட்டும்” என்றார். தனத்தின் அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

சாயங்காலம் பலகையின் ஓரங்களை இழைத்து, ஒரு நூல் அகலத்துக்கு இடுக்கு விட்டு அடித்தோம். இடுக்கை மறைக்க மேலே பீடிங் என்ற மெல்லிய மரக்கீற்று. முன்பே உப்பி முடித்த பலகை சில நாளில் காய்ந்து இறுகி, தட்டினால் தவில் மாதிரி பேசியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வந்து போயிற்று, அந்தச் சுவருக்கு வயிறு வரவே இல்லை. தனத்துக்குத்தான் வந்தது, இரண்டு தடவை.

ஆகவே பிள்ளைகளே: ஹார்டுபோர்டின் முதுகை நனையுங்கள், மூச்சுவிட இடுக்கு விடுங்கள், ஆசாரி சொன்னால் கேளுங்கள். அறை யாருக்கோ, அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் நாலு பேரிடம் விசாரியுங்கள். கொஞ்சமும் பேசாமல் இருக்கிறவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சுவர் முடிந்த அன்று, அவர்கள் கொடுத்த ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தென்னூர் வந்து சேர்ந்தேன். என் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்ன கலர் புடிக்கும்?” என்று கேட்டேன்.

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், வாளியிலிருந்து என் சட்டையை எடுத்துப் பிழிந்தாள். அதில் வாழைக்குருத்து கலர் திட்டுத் திட்டாக இருந்தது.

“துவைச்சா போற கலர் எதுவா இருந்தாலும் சரி” என்றாள். கொஞ்சம் கழித்து, கொடியில் சட்டையை உதறிப் போட்டுவிட்டு, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.