கவிழ்த்துப் பொருத்திய தளபதி

நஸ்ரியாவுக்கு இலேசில் குமட்டாது. நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் ஒன்பது வருஷமாக அறை துப்புரவாக்குகிறவள். குளியலறைத் துவாரத்தில் சுருண்டு கிடக்கும் ஊரார் தலைமயிரையும், கட்டிலுக்கடியில் நாறிப்போன இறால் கோதையும், வெள்ளைத் துவாயால் சப்பாத்துத் துடைத்துவிட்டுப் போகும் கனவான்களின் இலட்சணத்தையும் முகம் சுளிக்காமல் அள்ளிக் கொட்டியவள். அப்படிப்பட்டவளுக்கு வயிற்றைப் புரட்டியது ஓர் அட்டைப் பெட்டி.

பெட்டியின் மேல் ஒரு முகம். இரும்புத் தலைக்கவசம், மார்பில் சிங்கத் தலை, ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற கோணல் வாய். உள்ளே, அவன் படத்தை வெட்டிய ஆயிரம் அட்டைத் துண்டுகள். பொருத்தினால் முழு ஆளும் வருவானாம். யாரோ வெள்ளைக்காரர் அறையில் விட்டுப்போனது. முதலாளி கண்டதும் ஆசைப்பட்டுவிட்டார். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டுமாம்.

மனேஜர் நிலக்சன் அதை அவளிடம் நீட்டினான்.

"உங்கட கைதான் அக்கா இதுக்குச் சரி. வீட்டில வச்சு ஆறுதலாப் பொருத்துங்கோ. முடிச்சுத் தந்தால் உங்களை நிரந்தரமாக்கலாம் எண்டு முதலாளி சொல்லிட்டார்."

நிரந்தரம்! வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கலங்கினால் வெள்ளைக்காரர் வரமாட்டார்கள். நாட்சம்பளக்காரரை, "பங்குனியில வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வாடையும் வீட்டிலிருந்து வயிற்றைக் கட்டியவள் அவள். கணவர் றஊப், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததோடு மேசன் வேலையை விட்டவர்.

"ஆரு தம்பி இவர்?"

"பழைய காலத்துத் தளபதி அக்கா. பெரிய வீரனாம். ஒரு நகரத்தையே எரிச்சு, சனத்தை விரட்டி வென்றவராம்."

அதற்குத்தானா இந்தச் சிரிப்பு? முன்பொருமுறை சண்டையில் ஊரே காலியான ஆவணியில், கைப்பிள்ளையோடு மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தவள் நஸ்ரியா. மாடு செத்துக் கிடந்த வாய்க்கால் தண்ணீரை முந்தானையில் வடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தவள். ஊரை விரட்டியவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, அவன் பேச்சு வந்தால் அந்தத் தண்ணீரின் நாற்றம் அவள் மூக்கில் ஏறும். ஆனாலும் வாடை வருகிறதே. பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாலையூற்றில் அவர்களுக்கு இருப்பது ஒரேயொரு அறை. அதில்தான் றஊப் கதிரையில் இருந்து தொழுவார்.

"உருவம் இரிக்கிற இடத்தில எப்படிப் புள்ள தொழுற? வானத்து மலக்குமார் உள்ளுக்கு வரமாட்டாங்க."

"அப்ப கவுத்துப் போட்டுப் பொருத்துறன். எனக்கும் அந்த மூஞ்சியப் பாக்கத் தேவல்ல."

சொன்னபடியே செய்தாள். ஒட்டுப்பலகையில் துண்டுகளைக் குப்புறப் போட்டாள். நிறமும் இல்லை, கண் மூக்கும் இல்லை. எல்லாம் சாம்பல் நிற முதுகு. வேலை விட்டு வந்து, அஸர் தொழுகைக்குப் பின் இருந்து, விரலால் விளிம்பைத் தடவித் தடவி, பன்னிரண்டு நாளில் ஆயிரத்தையும் பூட்டிவிட்டாள். தளபதிக்குக்கூட இப்படியொரு பொறுமை இருந்திருக்காது.

"முடிஞ்சதும் மேலால பூசிக் காயவிடுங்கோ" என்று நிலக்சன் பசைப் போத்தலும் தந்திருந்தான். பூசினாள். மற்றவர்கள் முகத்தில் பூசுவார்கள். அவளுக்கு மேலே கிடந்தது முதுகு. பசை இடுக்குகளால் இறங்கி, முகத்தைப் பலகையோடு சேர்த்து ஒட்டிவிட்டது.

மறுநாள் ஹோட்டலில், அவள் சுற்றிக்கொண்டு வந்த துணியை விரித்துப் பார்த்த நிலக்சன் தலையில் கை வைத்தான். கத்தியால் கிளப்பப் பார்த்தான். கண் கிழிந்தது, மூக்கு கிழிந்தது. அந்தக் கோணல் வாய் மட்டும் முழுசாகக் கையோடு வந்தது. நஸ்ரியா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

போனில் கதைத்துவிட்டு அவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"முதலாளி கோவிக்கேல்லை அக்கா. இதே படத்தில இன்னொரு பெட்டி எடுப்பிக்கிறாராம். இங்கயே இருந்து, முகத்தைப் பார்த்துப் பொருத்துங்கோ. நிரந்தரமாக்கிற கடிதம் அடிச்சாச்சு, கையெழுத்து மட்டும்தான்."

கடிதத்தில் அவள் பெயர் இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தாள்.

"தம்பி, எத்தின கக்கூஸ் எண்டாலும் கழுவுறன். ஊரை எரிச்சவனுக்கு மூஞ்சி செஞ்சு குடுக்க எனக்கு ஏலா. அருவருப்பா இரிக்கி."

"சும்மா படம்தானே அக்கா!"

"ஓம், படந்தான். அதுக்குத்தானே நல்ல சுவராப் பாத்து வச்சிரிக்கீங்க."

ஒட்டுப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடிதத்தில் வேறு பெயர் அடித்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வழக்கம்போல் அவளை அனுப்பிவிட்டார்கள். இது பத்தாவது வாடை. ஒரு பகல், அடுப்பில் வெறும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு வளவிலுள்ள கக்கூஸ் வாசலில் சேறு கணுக்கால் முட்ட நின்றது. நஸ்ரியா அந்த ஒட்டுப்பலகையைக் கொண்டுபோய், துண்டுகள் ஒட்டிய பக்கம் மேலே இருக்கச் சேற்றின் மேல் போட்டாள்.

"அதில உருவம் ஒட்டிக் கிடக்கே, புள்ள?" என்றார் றஊப்.

"மிதிபடுற இடத்தில கிடந்தாக் குத்தமில்ல எண்டு நீங்கதானே ஒருக்காச் சொன்னீங்க?"

றஊப் ஊன்றுகோலை ஊன்றி, நல்ல காலை அதன் மேல் அழுத்தி வைத்து, கக்கூசுக்குள் போனார்.