முட்டை அட்டைக் கவசம்

பள்ளி விழாவுக்காக என் மகளுக்கு விண்வெளி வீரரின் கவசம் செய்து மாட்டிப் பார்த்தேன். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, இருபது வருஷமாக நான் லாரிகளுக்கு அடிக்கும் அதே பெயின்ட்டை அடித்திருந்தேன். தலைக்கவசத்தைப் போட்ட வேகத்தில் கழற்றி வீசினாள்.

"சீ, நாறுதுங்கப்பா!"

அதைக் கேட்டதும் என் பள்ளி விழா நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் நானும் இப்படியொரு கவசம் போட்டேன். அம்மா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போவாள். அங்கே கழித்துப்போட்ட முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து, மைதாப் பசை காய்ச்சி, என் நெஞ்சுக்கும் முதுகுக்கும் தலைக்கும் அளவெடுத்து ஒட்டினாள். மேலே வெள்ளித்தாள்.

உடைந்த முட்டை அந்த அட்டைகளுக்குள் ஊறிக் காய்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் எனக்கு வேர்த்ததும் எல்லாம் இளகிவிட்டது. கழுத்தில் கொழகொழவென்று வழிந்தது. அதில் கோழி இறகு வேறு. அழுகிய முட்டையும் கோழி எச்சமும் சேர்ந்த நாற்றம் தாங்காமல் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இன்றுவரை எனக்கு அவித்த முட்டை ஆகாது.

"நாத்தம் புடிச்ச அட்டைய மாட்டியுட்டுட்டயேம்மா!" என்று வீட்டில் கத்தினேன்.

அம்மா நெஞ்சுக் கவசத்தை எடுத்து மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

"நாறலையே சாமி."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் பிசைந்து வைத்த சோற்றைக்கூட இரண்டு நாள் தொடவில்லை.

மகள் இன்னும் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். கீழே கிடந்த தலைக்கவசத்தை எடுத்து, முகத்தை உள்ளே விட்டு ஆழமாக மோந்தேன். மறுபடியும் மோந்தேன்.

ஒரு வாடையும் வரவில்லை.