பத்து லட்சம் பொருந்தும் என்று சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், மடுகரைப் பக்கம் இருந்த ஒரு சிறிய பிளைவுட் தொழிற்சாலையில் இது தொடங்கியது.

நான் வில்லியனூர்வாசி. ஒரு மில்லின் பாய்லர் அறையில் முப்பத்தொரு வருடம் அரை மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தொழிற்சாலை மேனேஜர் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். நானும் பஸ் பிடித்துப் போய்விடுவேன்.

பலகைகளை ஒட்ட அழுத்தும் பிரஸ்ஸுக்குச் சூடு வேண்டும். அதற்கு ஒரு ஹீட்டர் உண்டு. சுருள் குழாய்க்குள் எண்ணெய் ஓடும், கீழே பர்னர் எரியும். எங்கள் தொழிலில் இவற்றை 'ஆறு லட்சம்', 'பத்து லட்சம்' என்றுதான் சொல்வோம். மணிக்கு அத்தனை கிலோகலோரி வெப்பம் என்று அர்த்தம். அளவையின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

பழைய ஹீட்டர் அரித்துப் போனதால் வேறொன்றை வாங்கிப் பழைய பர்னரையே மாட்ட நினைத்தார்கள். பர்னர் பத்து லட்சம். வந்த ஹீட்டரின் தகட்டிலோ, உள்ளே விடக்கூடிய வெப்பம் அதிகபட்சம் ஒரு மெகாவாட் என்று போட்டிருந்தது.

"ஐயா, நம்ம பர்னரு இதுக்கு செட்டாவுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

மெகா என்றால் பத்து லட்சம். பர்னரும் பத்து லட்சம். "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு, மாட்டுங்க" என்றேன். கேஸ் சிலிண்டர் வந்தால்கூடத் தேதியை இரண்டு தடவை பார்க்கிறவன் நான். அன்று பென்சிலை எடுக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் போனபோது ஹீட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆப்ரேட்டர் என்னிடம் வந்தார். உள்ளூர்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

"ஐயா, இது பழசு மாரி இல்ல. சூடு மள மளன்னு ஏறுது. எண்ண கருகற நாத்தம் வேற."

"கணக்கெல்லாம் சரியா இருக்குப்பா. காத்து அளவ மட்டும் கொஞ்சம் பாத்து வை."

அவர் சிரித்தார். "கணக்கு சரியாத்தான் கீது. பக்கத்துல நிக்கறது நானாச்சே!"

"ஐயாவே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா? போய் வேலையப் பாருய்யா" என்றார் மேனேஜர். ஆப்ரேட்டர் போய்விட்டார்.

சித்திரையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சுருள் குழாய் வெடித்துச் சூடான எண்ணெய் பற்றிக்கொண்டது. ஆப்ரேட்டர் ஓடவில்லை. வால்வை மூடிவிட்டுத்தான் வெளியே வந்தார். உள்ளே இருந்த மற்ற மூன்று பேரும் அதனால்தான் தப்பினார்கள். அவருக்கு இரண்டு கைகளும் முகத்தின் வலப்பக்கமும் வெந்துவிட்டன.

மீட்டரைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று தொழிற்சாலையில் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த மத்தியானம், மனசு கேட்காமல் பென்சிலை எடுத்தேன். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 860 கிலோகலோரி. மெகாவாட் என்றால் ஆயிரம் மடங்கு, எட்டு லட்சத்து அறுபதாயிரம். பத்து லட்சம் இல்லை. தகட்டில் இருந்தது பத்து லட்சம் வாட், பர்னரில் இருந்தது பத்து லட்சம் கிலோகலோரி. தாங்கக்கூடியதைவிட மணிக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோகலோரி கூடுதலாக அந்தக் குழாய்மேல் எரிந்துகொண்டிருந்தது. உள்சுவரில் எண்ணெய் கருகிப் படியும், குழாய் கெட்டுப்போகும். வெளியே வரும் எண்ணெயை மட்டும் அளக்கும் மீட்டர் சரியான சூட்டையே காட்டிக்கொண்டிருக்கும். அவர் கண் இமைக்காமல் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்தேன். யாராவது வந்து கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அதற்குள் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பத்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"கணக்கு இன்னா ஏதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அவரு மேல தப்புன்னு எழுதிட்டாங்க. பாக்கறவங்கல்லாம் தூங்கிட்டாராமேன்னு கேக்கறாங்க. என்னாண்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? எழுதனவங்ககிட்டப் போய் சொல்லுங்க."

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "வுடுடி. பெரியவரு வெயில்ல வந்துகிறாரு, தண்ணி குடு மொதல்ல."

சொம்பை வாங்கிக் குடித்தேன். கட்டிலில் அவருடைய கட்டுப்போட்ட கைகள் இரண்டும் தலையணைமேல் கிடந்தன.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். "பேப்பரெல்லாம் மேல போயிடுச்சி ஐயா. வயசான காலத்துல நீங்க ஏன் தலையக் குடுக்கறீங்க?" என்றார். நான் ஒரு முழுப் பக்கம் என் கையாலேயே எழுதினேன். தவறான கணக்கு என்னுடையது, ஆப்ரேட்டர் முன்கூட்டியே எச்சரித்தார், நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, விபத்தை விசாரித்த அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். நாலைந்து மாதம் இழுத்தது. கடைசியில் ஆப்ரேட்டர்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் அந்தக் காகிதத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினாராம்.

வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறார். பேசுவதில்லை.

இப்போதும் யாராவது கணக்குக் கேட்டு வந்தால் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் தாளைக் கையில் கொடுப்பதில்லை. அதனால் அந்த ஆப்ரேட்டருடைய விரல்கள் மடங்கிவிடப் போவதில்லை என்பது தெரிந்தும்தான் கேட்கிறேன்.