உக்கிராண அறைக்கு வந்த மெக்ஸிகோக்காரர்

போன மாதம் முழுவதும் நான் ஒரு கண்ணாடித் தொட்டியும் கையுமாக அலைந்தேன். லஸ் முனையில் பார்த்தவர்கள் எல்லாம் "மீன் வளர்க்கிறீர்களா?" என்று விசாரித்தார்கள். மீனாக இருந்தால் எவ்வளவோ தேவலையே...

விஷயம் இதுதான். என் நண்பர் ரங்காச்சாரியின் வீட்டுக்கு ஓர் ஆக்ஸலாட்டல் வந்து சேர்ந்தது.

பெயரைக் கேட்டு ஏதோ புது மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். மெக்ஸிகோ தேசத்து ஏரியில் வாழும் பிராணி அது. ஒரு சாண் நீளம். பல்லியைப் போல நான்கு கால், மீனைப் போல வால். கழுத்தின் இரு பக்கமும் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துவிட்ட மாதிரி செவுள். உடம்பு வெள்ளை வெளேர். முகத்தில் எப்போதும் ஒரு புன்னகை — மனுவை வாங்கி வைத்துக்கொண்டு "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பும் மேலதிகாரியின் புன்னகை.

இதற்கு மயிலாப்பூரில் என்ன வேலை?

ரங்காச்சாரியும் நானும் செக்ரடேரியட்டில் ஒரே பிரிவில் மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள். இப்போது இருவரும் பென்ஷன். அவருக்கு ஒரே பிள்ளை, வரதன். சீமைக்குப் போய்ப் பிராணி சாஸ்திரம் படித்தான். திரும்பி வரும்போது பட்டத்தோடு ஒரு ஸ்காட்லாந்துப் பெண்ணையும் மனைவியாக அழைத்து வந்தான். அன்றோடு ரங்காச்சாரி பிள்ளையிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

வரதன் இங்கேயே ஒரு காலேஜில் உபாத்தியாயர். தியாகராய நகரில் புதிதாக முளைத்திருக்கும் பங்களாக்களில் ஒன்றில் குடித்தனம். மயிலாப்பூரிலிருந்து ஜட்காவில் போகிற தூரம்தான். ஆனால் சில வீடுகளுக்கு அது லண்டனைவிடத் தொலைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரதன் அம்மா செல்லம்மாளைப் பார்க்கக் கொல்லைப்புறமாக வருவான். அப்பா கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே இருக்கும் தூணிடம் சொல்வார். "இந்த வெயில்ல குடையில்லாம அலையறவாளும் லோகத்துல இருக்கா." தூண் பதில் சொல்லாது. அடுத்த ஞாயிறு வரதன் குடையோடு வருவான்.

இப்படியே நான்கைந்து வருஷம் ஓடிவிட்டது. தூணுக்கும் பழகிவிட்டது.

வரதன் சீமையிலிருந்து இந்தப் பிராணிகளில் இரண்டை வரவழைத்திருந்தான். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் அவை பிழைக்காது. அவன் பங்களாவோ புது மோஸ்தர். நாலு பக்கமும் ஜன்னல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சித்திரை பிறந்ததும் இரண்டில் ஒன்று கண்ணை மூடிவிட்டது. மற்றதையாவது காப்பாற்ற வேண்டுமே... சென்னைப் பட்டணத்தில் அவனுக்குத் தெரிந்த குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். அவன் பிறந்த வீட்டில் சாமான் வைக்கும் உக்கிராண அறை. கிணற்றை ஒட்டிய அறை, கனத்த சுவர், ஜன்னல் கிடையாது. கத்திரி வெயிலிலும் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும்.

அம்மாவிடம்தான் கேட்டான். கூடத்திலிருந்து குரல் வந்தது — தூணை நோக்கி. "உக்கிராணம் சும்மாத்தானே கிடக்கு."

சும்மா கிடக்கவில்லை. அந்த வருஷத்து ஊறுகாய் முழுவதும் அங்கேதான் இருந்தது. புழு தின்கிற ஜந்துவை ஆவக்காய்க்குப் பக்கத்தில் வைப்பதாவது என்று செல்லம்மாள் முதலில் தயங்கினாள். பிறகு வரதன் கொண்டுவந்திருந்த ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "கை வெச்சிண்டிருக்கேடா... விரல்லாம் இருக்கே" என்றாள். அன்று சாயங்காலமே ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே குடி பெயர்ந்தன.

மறுநாள் ரங்காச்சாரி என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஓய், உமக்குத்தான் எல்லாத்துக்கும் விதி தெரியுமே. இந்தப் பிராணிக்குத் தொட்டி எப்படித் தயார் பண்றது?"

"உம்ம பிள்ளையைக் கேட்டா சொல்லப் போறான்" என்றேன்.

"எனக்குப் பிராணியோடதான் காரியம்" என்றார்.

விதி என்றால் எனக்குக் கொஞ்சம் சபலம் உண்டு. வரதன் அம்மாவிடம் சொன்னதை அவள் வாயிலாகக் கேட்டுக்கொண்டேன். லைப்ரரியில் இரண்டு புஸ்தகம் புரட்டினேன். மூர் மார்க்கெட்டில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று பிடித்தேன். அடியில் போட மணல் — கூழாங்கல் கூடாது. வாய்க்கு எதிரே எது வந்தாலும் உறிஞ்சி விழுங்கிவிடுமாம். ஆகவே பொடி மணலாகச் சலித்து, அலசிய தண்ணீர் தெளியும் வரை அலசினோம். ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பூந்தொட்டி. வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி. தொட்டியைச் சுற்றி ஒரு தகரத் தட்டில் ஐஸ்.

மிச்சம் இருந்தது தண்ணீர். கிணறு கோடையில் உப்பு. குழாய்த் தண்ணீரிலோ மருந்து கலந்திருக்கிறது. அதைப் பிடித்து ஒரு நாள் ஆற வைத்து, மருந்து வாடை போன பிறகு ஊற்ற வேண்டும். எதில் ஆற வைப்பது?

செல்லம்மாள் பரணைக் காட்டினாள்.

அங்கே ஒரு பெரிய செம்பு அண்டா இருந்தது. வரதன் சீமைக்குப் புறப்படுவதற்கு முன்னமே அவன் கல்யாணத்துக்கென்று கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக அவன் பெயர் வெட்டியிருந்தது. ஒரு நாளும் அடுப்பேறியதில்லை. ரங்காச்சாரியே அதைக் கீழே இறக்கினார். தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து, புளி போட்டுத் தேய்த்தார். அவர் பாத்திரம் தேய்த்து அன்றுதான் பார்த்தேன். அண்டா சூரியனைப் போலப் பளபளத்தது.

பெருமாளுக்குத் தீர்த்தம் வைக்கிற உலோகம். இதைவிடச் சுத்தமான பாத்திரம் உண்டா? நானும் தலையை ஆட்டினேன்.

ஐஸ் வாங்கக் கச்சேரி ரோட்டுக்கு நானும் அவரும்தான் போவோம். கடைக்கார பாய்க்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா சாமி, தெனமும் ஐஸ் வாங்கிக்கினு போறீங்க? வூட்டுக்கு மாப்ளை வந்துகீறாரா?" என்றார்.

"இல்லை பாய். பிள்ளை வந்திருக்கான்" என்றார் ரங்காச்சாரி.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வீடு வரும் வரை ஐஸின் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பிராணியைத் தொட்டியில் விட்டோம். முதல் நாள் இரண்டு மண்புழுவை உறிஞ்சிவிட்டு, மணலில் கையூன்றி எங்களைப் பார்த்துச் சிரித்தது. செல்லம்மாள் அடுக்களைக்கும் உக்கிராணத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ரங்காச்சாரி பேப்பரை அங்கேயே கொண்டுபோய்ப் படிக்க ஆரம்பித்தார். வெளிச்சம் கிடையாது; இருந்தாலும் படித்தார்.

திங்கட்கிழமை பிராணி புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவுளின் சிவப்பு மங்கியது. உடம்பில் கோழை மாதிரி ஒரு படலம். தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து மாற்றினோம். இன்னும் வாடியது. மறுபடியும் மாற்றினோம். மாற்ற மாற்ற மோசமாயிற்று. புதன்கிழமை அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அப்போதும் வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது... அந்த முகத்துக்கு வேறு பாவனை கிடையாதே.

செல்லம்மாள் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நம்மளை நம்பி விட்டுட்டுப் போனான்" என்றாள். "இதுவும் போயிடுத்துன்னா, இந்தாத்துக்கு வரதுக்கு அவனுக்கு இனிமே என்ன இருக்கு?"

ரங்காச்சாரி எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஓய், ஜட்கா கூப்பிடும்" என்றார்.

வண்டி தேனாம்பேட்டையைத் தாண்டியது. பிறகு, "அவளுக்குத் தமிழ் வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

வரதனின் மனைவி பங்களாத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. செல்லம்மாளின் இழுப்பு அப்படியே இருந்தது. நான் ரங்காச்சாரியைப் பார்த்தேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

குரல் கேட்டு வரதன் வெளியே வந்தான். அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

ரங்காச்சாரி வழக்கம்போல ஒரு தூணைத் தேடினார். புது மோஸ்தர் பங்களா அல்லவா? தூணே கிடையாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஓய், பிராணி சாப்பிடலைன்னு சொல்லும்."

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. "இந்தக் குரோட்டன்ஸ் அழகாயிருக்கே" என்று சொல்லிவிட்டுச் செடியின் பக்கம் நகர்ந்தேன்.

ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு முதுகுப் பக்கம் கேட்டது:

"வரதா... அது சாப்பிட மாட்டேங்கறதுடா. என்னமோ பண்றது அதுக்கு. வந்து பாரேன்."

வரதன் சட்டையை மாட்டிக்கொண்டே ஜட்காவில் ஏறினான். அவன் மனைவி ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு வந்து தானும் ஏறினாள். ரங்காச்சாரி நகர்ந்து இடம் விட்டார். நான் வண்டிக்காரன் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன்.

அன்று எல்லோரும் வாசல் வழியாகவே உள்ளே போனோம். கொல்லைப்புறம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வரதன் முதல் காரியமாகப் பிராணியை ஜாடித் தண்ணீருக்கு மாற்றினான். பிறகு, "தண்ணியை எதுலம்மா ஆற வெச்சே?" என்றான்.

"உன் கல்யாண அண்டாதான். வேற எது?" என்றாள் செல்லம்மாள். "அப்பாவே தேய்ச்சார். அதுல தண்ணி வெச்சா கொசுப்புழுகூட வைக்காதாக்கும்."

வரதன் அண்டாவின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அதான்மா... கொசுப்புழு பொழைக்காத தண்ணில இது எப்படிப் பொழைக்கும்? தாமிரம் துளித்துளியாக் கரையறது. நமக்கு அது ஒண்ணும் பண்ணாது. இது தோலாலேயே தண்ணி குடிக்கிற ஜாதி."

புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நாங்கள் செய்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. செல்லம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. வரதன் அவள் தோளைத் தொட்டான். "என் மேலேயும் தப்பு. செம்பு கூடாதுன்னு நான்தான் சொல்ல மறந்துட்டேன். இதைவிட நல்ல பாத்திரமா உன்கிட்ட இருக்கு, நீ எடுக்கறதுக்கு?"

புது மண்பானைகள் வந்தன. மணலைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, முதலிலிருந்து எல்லாம் ஆரம்பமாயிற்று. ஜாடியில் கிடந்த பிராணி ஒரு வாரம் எங்களை வதைத்தது. அந்த ஒரு வாரமும் வரதன் தினந்தோறும் வந்தான். பானையைச் சாய்க்க ஓர் ஆள், ஜாடியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா? "பாத்து ஊத்துடா." "நீங்க அந்தப் பக்கம் பிடிங்கோப்பா." பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பானையைத் தூக்கும்போது தூணைப் பார்த்துப் பேச முடியுமா?

மனிதர்கள் சமாதானம் ஆவதற்குப் பெரிய காரணங்கள் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ, கைக்கு ஒரு வேலை இருந்தால் போதும் என்றே தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை பிராணி ஒரு மண்புழுவை உறிஞ்சியது. செல்லம்மாள் பாயசம் வைத்தாள். மருமகள் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பை உடைத்துக் கொடுத்தாள்.

இப்போது செவுள் பழையபடி சிவந்துவிட்டது. ஆனாலும் தினமும் சாயங்காலம் வரதனும் மனைவியும் வந்துவிடுகிறார்கள் — தண்ணீர் மாற்ற. நேற்று நானும் இருந்தேன். விதி தெரிந்தவனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "உடம்பு தேறின பிறகு தினமும் மாற்ற வேண்டியதில்லையே. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பாதித் தண்ணீரை..." என்று ஆரம்பித்தேன்.

ரங்காச்சாரி வெற்றிலைத் தட்டை என் மடியில் வைத்தார். "ஓய், உமக்கு எல்லா விதியும் தெரியும். ஒத்துக்கறேன். வெத்தலை போட்டுக்கும்."

போட்டுக்கொண்டேன். வாய் நிறைய வெற்றிலையோடு யோசித்துப் பார்த்தேன். வரதன் பிராணி சாஸ்திர உபாத்தியாயர். வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?